ஒரே வள்ளத்தில் ஏறாத வீடு

"தம்பி, ரண்டு பிள்ளையளையும் ஏன் ஒரே சைக்கிளில ஏத்துறியள்?"

என் மனைவியின் தாய் றெஜினா மாமி இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். கொக்கிளாயை விட்டு வந்து எல்லோரும் முல்லைத்தீவில் இருந்த காலம் அது. மாமியின் தகப்பனும் தமையனும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரு வள்ளத்தில் ஏறுவதில்லை.

போன கிழமை, தர்மபுரத்தில் மாமிக்குப் பக்கத்து வீட்டிலிருந்த செபமாலை அக்கா போர்முனை தாண்டப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தார். மாமி காய்ச்சலில் போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். என் மனைவி அழவில்லை. கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாகவே இருந்தாள்.

மாமியை அறிந்தவர்களுக்கு அவர்மேல் என் மனைவிக்கு இருந்த கோபமும் தெரியும். முல்லைத்தீவை விட்டு ஓடிய அன்று, உழவு இயந்திரத்தில் ஏறியிருந்த எங்கள் மூத்த மகளை மாமி கையைப் பிடித்து இறக்கினார்.

"அம்மா, எல்லாரும் ஒண்டாய்ப் போவம்!" என்று கத்தினாள் என் மனைவி.

"ஒண்டாய்ப் போய் ஒண்டாய் முடியவோ? நீ பேசாமல் போ. இவள் என்னோட நடந்து வருவாள்."

வழியில் ஷெல் விழுந்தது. நாங்கள் திசை மாறிக் கடைசியில் வவுனியா முகாமுக்கு வந்தோம். மாமியும் மகளும் தர்மபுரத்தில் நின்றுவிட்டார்கள். மகள் எங்களிடம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலானது. அதன் பிறகும் என் மனைவி தாய்க்கு ஒரு சொல் அனுப்பவில்லை.

"அம்மா கடைசியா என்ன கேட்டவா?" என்றாள் இப்போது.

செபமாலை அக்கா தயங்கினார். "'அவளுக்கு இன்னும் கோபமோ' எண்டு கேட்டவா. 'இல்லையாம், சுகம் கேட்டவளாம்' எண்டு சொல்லிப்போட்டன்."

"பொய்தானே சொன்னியள்?"

"ஓம் பிள்ளை."

"சொன்னது நல்லது அக்கா," என்று சொல்லிக் குசினிக்குள் போனவள், அங்கேதான் அழுதாள்.

ஆயுள் முழுக்க வாத்தியாராய்ச் சரி, பிழை போட்ட கை என்னுடையது. மாமி செய்ததற்கு எதைப் போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிரித்ததும் அவர்தான், தான் பட்டினி கிடந்து எங்கள் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து உயிரோடு அனுப்பியதும் அவர்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த அமைதியின்மை ஒன்றைத்தான்.

உங்கள் வீட்டு ஆள் யாரும் போர்முனைக்கு அந்தப் பக்கம் இருந்தால், கோபம் தீரும்வரை பார்த்திருக்காமல், இன்று அங்கே போகிறவரிடம் ஒரு சுகம் கேட்டுச் சொல்லி அனுப்புங்கள்.