ஐந்து எண்ணாமல் விட்டது

என் மேசை இழுப்பறையில் தீப்பெட்டி அளவுப் பச்சைப் பலகை ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்விட்ச், ஒரு கெபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு எல்இடி, பேட்டரிக்கு இரண்டு கம்பி, ஈயப்பற்று பன்னிரண்டு. மூலையில், தேறவில்லை என்று ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர். ஸ்விட்சை அழுத்தினால் கெபாசிட்டரில் மின்சாரம் மெல்ல நிரம்பும். விட்டால், அது வடிய வடிய விளக்கு மங்கி அணையும். கார்க் கதவை மூடியதும் உள்விளக்கு சட்டென்று அணையாதிருக்க இந்த ஏற்பாடு.

இதைப் பற்றவைத்தவர், ஒரகடத்தில் நான் பரிசோதகராக இருந்த ஆலையின் நாலாம் மேசைக்காரம்மா. வடக்குப்பட்டில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், ஒப்பந்த வேலை. அழுத்தி ஐந்து எண்ண வேண்டும், விட்டபின் எட்டு எண்ணும்வரை எரிய வேண்டும் என்பது எங்கள் விதி. நான் வாய்விட்டு எண்ணுவேன். "சாரு தூக்கத்துலயும் எண்ணிகினுதான் இருப்பாரு, வூட்டுக்காரம்மா பாவம்" என்பார் அவர். ஆறு மேசையும் சிரிக்கும்.

ஒருநாள் ஷிப்ட் முடிய இருபது நிமிடம். அவருடைய பலகைகள் அறுபத்து நான்கு மிச்சம். படப்பை பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற பதைப்பில், இரண்டு எண்ணியதுமே ஸ்விட்சை விட்டேன். எல்லாம் ஐந்துக்குள் அணைந்தன. அறுபத்து நான்கு சிவப்பு ஸ்டிக்கர்.

"சார், ரொம்பறதுக்குள்ள கைய எடுத்தா எப்படி எரியும்? கொஞ்ச நேரம் புடிச்சிகினு இருந்து வுடுங்க சார்."

"எனக்கா எண்ணத் தெரியாது?" என்றேன். மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்தி, கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

பலகை ஒன்றுக்குப் பதிமூன்று வினாடி. அறுபத்து நான்குக்குப் பதினான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதைக் கணக்கிடவில்லை.

மறுநாள் காலை சந்தேகம் தாங்காமல் ஒன்றை எடுத்து, ஐந்து எண்ணி விட்டேன். ஒன்பதுவரை எரிந்தது. மற்றவையும் அப்படியே. கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் தப்பென்று நானே போய்ச் சொல்வதா என்று மூன்று நாள் தள்ளினேன். நாலாம் நாள் சொன்னேன். "வேற ஆளு லைனுக்கு வந்தாச்சு சார், வுடுங்க" என்றார் சூப்பர்வைசர். வடக்குப்பட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. "புள்ளைங்கள இட்டுகினு போயிட்டாங்க, எங்கன்னு சொல்லல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இன்று காலையும் பலகையை எடுத்தேன். ஐந்துவரை அழுத்தினேன், ஒன்பதில் அணைந்தது. அணைந்த பின்னும் கெபாசிட்டரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மீட்டர் வைத்தால் தெரியும். விளக்கை எரிக்க அது போதாது. நாலாம் நாள் நான் சொன்னதும் அப்படித்தான். மறுபடி அழுத்தினேன். ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறேன் என்பதை மட்டும் எண்ணுவதில்லை.