பேட்டரிக்குப் பின்னால் இருந்த அறை

மாமாவின் கம்பியூட்டருக்குள் ஒரு ரகசிய அறை இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் காப்பாற்றினேன். ஒன்பது வயதில் அது சாதாரணக் காரியமல்ல. அதை வெளியிடச் சரியான நேரம் என்று நான் தேர்ந்தெடுத்தது, மாமாவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மலேசியாவில் ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கிள்ளானில் ஒரு நில அளவையாளரிடம் வேலை பார்த்தார். சுங்கை புரோங் பக்கம் வயல் வாய்க்கால்களை அளக்கும் வேலை வந்ததால் அந்த வருடம் எங்களோடு தங்கியிருந்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். மாலையில் முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு வந்து, கால் கழுவும் முன்பே அந்தக் கம்பியூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கம்பியூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் பென்சில் பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அரிசி அளவு பொத்தான்கள். மேலே ஒற்றை வரி காட்டும் கண்ணாடி. முதலாளி புதியது வாங்கியபோது பழையதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு மூலை உடைந்து, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வயலில் எடுத்த அளவுகளை மாமா ஒவ்வொன்றாக அதில் அடிப்பார். வாய்க்கால் எங்கே எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று அது ஒற்றை வரியில் பதில் சொல்லும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பொருளை வேறு யாரும் பார்த்ததில்லை. அதைத் தொட எனக்கு அனுமதியில்லை.

ஒருநாள் அதில் பேட்டரி மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். பழைய பேட்டரியை எடுத்தால் சில நிமிடங்களுக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மாமா பேட்டரிகளைக் கழற்றினார். அவை இருந்த பள்ளத்தின் சுவரில் பேனா முனை அளவில் ஒரு துளை தெரிந்தது. அதற்குள் தீக்குச்சியை விட்டு அழுத்தினார். டக் என்று கம்பியூட்டரின் இடது விளிம்பு தனியாகத் திறந்துகொண்டது. அதுவரை அங்கே ஒரு மூடி இருப்பதே தெரியாது. உள்ளே பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பொந்து.

"மாமா! என்ன அது?"

"ஒண்டுமில்லை. மெமரி கூட்டுறதுக்கு உதுக்குள்ள ஒரு பெட்டி வைக்கலாம். அது வாங்க எங்களால ஏலாது." சட்டென்று மூடிவிட்டார். "அம்மாட்டச் சொல்லாதை, என்ன? திறந்து பழுதாக்கிறன் எண்டு கத்துவா."

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தப் பொந்தைத் தவிர வேறு நினைவே இல்லை. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால்கூட, டக் என்ற அந்தச் சத்தம்தான் காதில் கேட்கும்.

சம்பந்தம் பேச வந்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்து வழி. மனைவியையும் இரண்டு உறவினர்களையும் அழைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து காரில் வந்திருந்தார். அவர் மகள் டைப்பிஸ்ட், படத்தை முன்பே அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. திரைச்சீலைகள் துவைத்தாயிற்று, முற்றம் கூட்டியாயிற்று. சமையலறையில் மாரியக்கா காலையிலிருந்தே வடை சுட்டுக்கொண்டிருந்தார். மாரியக்கா தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர். விடியற்காலை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு, விசேஷ நாட்களில் எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வருவார். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்றே சொல்லலாம். அவரோடு பேசும்போது என் தமிழ்கூடத் தானாக லயத்துத் தமிழாக மாறிவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாமாவைப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. மேசைமேல் இருந்த கம்பியூட்டரைப் பார்த்து, "தம்பி, உதுதானோ அந்தக் கொம்பியூட்டர்?" என்று ஆவலாகக் கேட்டார். மாமா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியவர் சிறுபிள்ளை போலச் சிரித்தார். அந்தச் சமயத்தில் அப்பா, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கி வரும்படி மாமாவை அனுப்பினார்.

மாமா படி இறங்கியதும் பெரியவர் என்னிடம் திரும்பினார். "வேற என்ன செய்யும் பிள்ளை, உது?"

இரண்டு வாரப் பொறுமை அங்கே முடிந்தது.

"உதுக்குள்ள ஒரு ரகசிய அறை இருக்கு!"

அம்மா கண்ணால் அதட்டினார். பெரியவரோ, "எங்கே, காட்டும் பாப்பம்" என்றார். சாமி விளக்கருகில் இருந்த தீப்பெட்டியை எடுத்து வந்தேன். பேட்டரிகளைக் கழற்றி வரிசையாக மேசையில் வைத்தேன். குச்சியைத் துளைக்குள் விட்டு அழுத்தினேன். டக். இடது விளிம்பு திறந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

பொந்துக்குள் ஒன்றும் இல்லை.

"வெறுமையாக் கிடக்கு" என்றார் உறவினர் ஒருவர். மற்றவர் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. அப்போதுதான் பள்ளத்தின் மறு சுவரில், எண் அச்சடித்து ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதத்தைப் பார்த்தேன். அதன் ஒரு மூலை மட்டும் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. யாரோ அடிக்கடி நகம் வைத்துத் தூக்கிய மூலை அது. நானும் தூக்கினேன். கீழே இன்னொரு துளை. குச்சியை விட்டேன். வலது விளிம்பு திறந்தது.

அதற்குள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டை செருகியிருந்தது. வெற்றிப் பெருமிதத்தோடு அதை இழுத்தேன். கட்டையோடு சேர்ந்து ஒரு சின்னப் படமும் வந்து லட்டுத் தட்டில் விழுந்தது.

அடையாளக் கார்டுக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல் இருந்த ஒரு பெண் முகம். பொந்துக்குள் நுழைவதற்காக ஓரங்களை யாரோ கத்தரியால் ஒழுங்காக வெட்டியிருந்தார்கள்.

"ஆர் பிள்ளை இது?" ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி கேட்டார். குரல் மிக மெதுவாக இருந்தது.

எனக்கோ தெரிந்த முகத்தைக் கண்ட மகிழ்ச்சி. "இது டீச்சரக்கா! எங்கட தோட்டத்துப் பாலர் பள்ளியில படிப்பிக்கிறவ. மாரியக்கான்ர மகள். மாரியக்காதான் உள்ளுக்கு வடை சுடுறா!"

அப்பா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததேயில்லை. எவரும் மகிழாதது எனக்குப் புரியவில்லை. சரி, மகிழ வேண்டியவரிடமே காட்டிவிடுவோம் என்று படத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "பிள்ளை, நில்!" என்ற அம்மாவின் கூச்சல் பின்னால் கேட்டது. நான் நிற்கவில்லை.

"எண்ணெ தெறிக்கும், தள்ளி நில்லு கண்ணு" என்றார் மாரியக்கா.

"இங்க பாருங்க, டீச்சரக்கா படம்! மாமா கம்பியூட்டருக்குள்ள இருந்துச்சு!"

மாவுக் கையோடு வாங்கிப் பார்த்தார். முதலில் சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நின்றது. "எதுக்குள்ள?" என்று கேட்டார். நான் திரும்பச் சொன்னேன். அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவருக்கும் அதுவரை எதுவும் தெரியாது என்பது இப்போது நினைத்தால் விளங்குகிறது. கேஸ் அடுப்பை நிறுத்தினார். படத்தில் ஒட்டிய மாவைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா மாமாகிட்ட குடுத்துடு கண்ணு."

பிறகு கை கழுவி, பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். செம்மண் பாதையில் அவர் ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது மாமா வாசலில் நின்றார். இரண்டு கைகளிலும் நாற்காலிகள். மேசையில் பிளந்து கிடந்த கம்பியூட்டரைப் பார்த்தார். என் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். நாற்காலிகளைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

"தம்பி," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், "பிள்ளை சொல்லுறது உண்மையோ?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா, "ஓம்" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. மேசையிலிருந்த பேட்டரிகளை எடுத்து, திசை பார்த்து ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்தார். இரண்டு மூடிகளையும் அழுத்தி மூடினார். "எங்கட பிள்ளையின்ர நல்ல காலம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர்கள் கார் கிளம்பிப் போகும்வரை அம்மா கைகூப்பியபடியே நின்றார்.

கார் மறைந்ததும் என் கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுவே முதல் தடவை. அடித்தவர் என்னைவிட அதிகமாக அழுதார். பிறகு மாமாவிடம் திரும்பி, "உனக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ? லயத்திலயோ போய்த் தேடினனீ? இனி நான் இந்தத் தோட்டத்தில என்னெண்டு தலை நிமிர்ந்து நடக்கிறது?" என்று கேட்டார். மாமா என் கையிலிருந்த படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். இனிமேல் அதை ஒளித்து வைக்கும் தேவை அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

கம்பியூட்டரில் இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. ஒரு மாத அளவுகள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "அது நோட்டில இருக்கு. திரும்ப அடிக்கலாம்" என்று மாமா என் தலையைத் தடவினார். கோபமெல்லாம் அந்த இயந்திரத்தை நான் திறந்ததற்காகத்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மாமா கிள்ளானுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் அவருக்கும் டீச்சரக்காவுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. அம்மா போகவில்லை. ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு அப்பா போய்வந்தார். அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா தம்பியோடு மறுபடி பேசினார். டீச்சரக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் சில வருடங்கள் ஆயின. இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்த ஒன்றைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாரியக்காவைத் தேடி லயத்துக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"அம்மா அனுப்பிச்சாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். வடை கெட்டுப்போச்சுன்னுதானா நேத்து ஓடி வந்துட்டீங்க?"

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல லா, உள்ள வா" என்றார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாரியக்கா கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு பீங்கான் கோப்பையை எடுத்தார். ரோஜாப்பூ போட்டது, விளிம்பில் தங்கக் கோடு. அதைக் கழுவி, பால் விட்ட தேநீர் ஊற்றி, சாசரோடு என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

"சக்கர போதுமா கண்ணு?"

போதும் என்றேன். எங்கள் வீட்டில் மாரியக்காவுக்கென்று ஒரு தகரக் குவளை இருந்தது. பின்வாசல் குழாயடியில் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா கைவேலையாக இருக்கும்போது நானே பல தடவை அதில் தேநீர் ஊற்றியிருக்கிறேன், கேத்தலின் மூக்கு குவளையில் பட்டுவிடாமல், கவனமாக, உயரத்திலிருந்து. அந்தப் பூப்போட்ட கோப்பையில் கடைசிச் சொட்டுவரை குடித்தபோது எனக்கு அது ஞாபகம் வரவேயில்லை. இவர்கள் வீட்டுத் தேநீர் நல்ல ருசி என்று மட்டும்தான் தோன்றியது.