நீல ஹெலிகாப்டர்

எங்கள் வீட்டில் வீடியோ கேம் இருந்த காலத்தில் நான் அதை விளையாடியதில்லை. அண்ணன் விளையாடுவான். அவன் தோற்றால் எனக்கு முறை வரும் என்பது பேச்சு. அவன் தோற்கப்போகும் நேரமாகப் பார்த்து கரண்ட் போகும், இல்லையென்றால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். அதனால் கேசட்டின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மஞ்சள் பிளாஸ்டிக் கேசட். லேபிளில் ஒரு ஹெலிகாப்டர், அதன் கீழே மூன்று சிப்பாய்கள், மூலையில் 64 இன் 1 என்ற எழுத்து. ஹெலிகாப்டர் நீல நிறம்.

இதை இங்கேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். நீலம்.

அந்தக் கேசட்டை ஊதினால்தான் ஓடும். எடுத்து, அடிப்பக்கம் வாயை வைத்து ஊதி, திரும்பச் செருக வேண்டும். நாலைந்து தடவை ஊதியபின் படம் வரும். விளையாடி முடித்ததும் அண்ணன் அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவான். அது அங்கேயே கிடக்கும்.

எதிர்வீட்டில் கலர் டிவி இருந்தது. அவர்களிடமும் வீடியோ கேம் இருந்தது, இதே 64 இன் 1 கேசட்டும் இருந்தது. ஒரு முழுப்பரீட்சை லீவில் அண்ணன் எங்கள் கேசட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நாள் முழுக்க விளையாடிவிட்டு வந்தான். அவன் கையில் இருந்த கேசட்டில் ஹெலிகாப்டர் சிவப்பாக இருந்தது.

"இது நம்ம கேசட் இல்ல. அவிய மாத்திட்டாவ" என்றேன். எதிர்வீட்டு அத்தை அப்போது எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அண்ணன் கேசட்டைச் செருகினான். அதே அறுபத்து நான்கு விளையாட்டு வந்தது. ஊதாமலேயே வந்தது. "படத்துல என்னட்டி இருக்கு? கேம் அதேதான" என்றான். அவ்வளவுதான் விசாரணை. அம்மா என்னைக் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்குக் கூட்டிப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வைத்தாள். அத்தை பரவாயில்லை என்றாள். பொம்பளப் பிள்ளைக்கு நாக்கு இம்புட்டு நீளம் ஆகாது என்றும் சொன்னாள். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பின்னால் அதுவே பழகிவிட்டது. இப்போது என்னைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். கல்யாணம் ஆகியும் ராஜபாளையத்திலேயேதான் இருக்கிறேன். ஒரு பேண்டேஜ் கம்பெனியின் பேக்கிங்கில் பதினெட்டு வருடமாக வேலை. பெட்டியில் ஒட்டும் லேபிளைச் சரிபார்ப்பேன். எழுத்து விட்டுப்போனது, நிறம் வெளுத்தது, கோணலாக வெட்டியது எல்லாம் ரிஜெக்ட். பகலில் தப்பான லேபிளைக் கிழித்துப்போடுவேன். மற்ற நேரத்தில் தப்பான லேபிளைத் தேடிப் போவேன்.

என்னிடம் முப்பத்தேழு கேசட் இருக்கிறது. எல்லாம் அதே ஹெலிகாப்டர். முதலாவது, அண்ணன் வேலைக்காக ஓசூர் போகும்போது விட்டுப்போனது. மற்றவை பழைய சாமான் கடைகளிலும் சோழபுரம், தளவாய்புரம் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணிலும் கிடைத்தவை. ஒன்றில் சிப்பாய்கள் இரண்டு பேர்தான், மூன்றாமவரின் பூட்ஸ் மட்டும் மிச்சம். ஒன்றில் ஹெலிகாப்டரின் வால் வெட்டுப்பட்டிருக்கும். ஒன்றில் 64 என்பது தலைகீழாக இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்றார். இல்லை என்றேன்.

முப்பத்தேழிலும் ஹெலிகாப்டர் சிவப்பு. ஒரு நீலம் கிடைத்துவிட்டால் அண்ணனிடம் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதெல்லாம் அவன் அதையே சொல்வான். "நீலம்னு ஒண்ணு அடிக்கவேயில்லட்டி. நீ கனவு கண்டுருக்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய டேப், டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருப்பதாக, கூட வேலை பார்க்கும் அக்கா நம்பர் தந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்து, பழைய கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, வா என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் போக எங்கள் வீட்டில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது கையில் பால்கோவா இருந்தால் போதும்.

மூட்டையில் இருந்தது எல்லாம் பாட்டுக் கேசட். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்தார். இதையெல்லாம் இப்போது யார் தேடி வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். நான் கேட்டது இது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது பக்திப் பாட்டுக் கேசட்டுகளுடன் வீடு திரும்பினேன். அடுத்த மாதம் அவரே போன் செய்து இன்னும் இருக்கிறது என்றார். போனேன். நாதசுரம் நான்கு, ஒரு கல்யாணத்தில் பதிவு செய்தது ஒன்று. யார் கல்யாணம் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை போனபோது, கேசட் எல்லாம் நன்றாகப் பாடுகிறதா என்று விசாரித்தார்.

"எங்க வீட்டுல டேப் இல்ல அண்ணாச்சி."

"பொறவு எதுக்கும்மா வாங்கிட்டுப் போற?"

இந்த வயதில் வீடியோ கேம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கையைக் கேசட் போல வாயருகே வைத்து ஊதிக் காட்டினேன்.

"ஊதுற கேசட்டா? அதச் சொல்றதுக்கா மூணு தடவ பஸ் ஏறி வந்த?"

கடையின் கண்ணாடி அலமாரியில், ரோட்டைப் பார்த்த பக்கம், இரண்டு மஞ்சள் கேசட்டுகள், கீழே இருந்ததை மேலே இருந்தது பாதி மறைத்தபடி கிடந்தன. எத்தனை வருடமாக அப்படிக் கிடக்கின்றன என்று அவருக்கே ஞாபகம் இல்லை. மேலே இருந்ததை எடுத்தார். கீழே என் ஹெலிகாப்டர். மறைந்திருந்த வால் பக்கம் சிவப்பு. வெளியே தெரிந்த தலைப்பக்கம் நீலம். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. எங்கள் கம்பெனியில் ஜன்னல் ஓரம் வைத்த பெட்டியில் சிவப்பு எழுத்து ஒரு கோடைக்கு மேல் தாங்காது. அச்சடிக்கும் சிவப்பில் கொஞ்சம் நீல மையும் கலந்திருந்தால், சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம் நிற்கும். பதினெட்டு வருடமாக அப்படி வெளுத்ததை எடுத்து ஓரமாகப் போடுவதுதான் என் வேலை.

ஆக, நீல ஹெலிகாப்டர் அச்சடிக்கவேயில்லை. அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஜன்னல் கட்டை வெயிலில் சிவப்பு நீலமாகும். நீலம் திரும்பச் சிவப்பாகாது. அன்றைக்கு அண்ணன் கொண்டுவந்தது எங்கள் கேசட் இல்லை. நான் சொன்னதும் சரி.

பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினான். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

"ஊதாமலே ஓடுச்சுல்ல?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நம்மத ஊதி ஊதி வாய் வலிச்சுப் போச்சுட்டி. அங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு. நல்லா ஓடுறத எடுத்துட்டு வந்துட்டேன்."

"அம்மா என்னைய மன்னிப்புக் கேக்கக் கூட்டிட்டுப் போனப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"கேம் பாதியில இருந்துச்சு."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மாற்றினது அவர்கள் இல்லை. கேசட்டைப் பறிகொடுத்தவர்கள்தான் அவர்கள். அப்படிப் பார்த்தால் என்னைச் சரியான வீட்டில்தான் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். ஆள்தான் மாறிப் போயிற்று.

மறுநாள், அண்ணன் அன்று எடுத்து வந்த அந்த முதலாவது கேசட்டையும் பால்கோவாவையும் எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போனேன். அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறாள். காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொன்னேன்.

"அதான் அந்தச் சனியன் அப்புறம் ஓடவேயில்லையா?" என்றாள். "தண்ணியில போட்டுட்டான்னு எம்மவன வெளக்கமாத்தால அடிச்சேன்ட்டி."

எங்கள் கேசட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓடாததை யார் வைத்திருப்பார்கள், அப்போதே தூக்கிப் போட்டாயிற்று என்றாள். பிறகு கையை நீட்டினாள். முப்பத்தேழில் முதலாவது அது. கொடுத்தேன். மகன் வந்ததும் காட்ட வேண்டும் என்றாள். அண்ணனின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கேசட்டை ஜன்னல் கட்டையில் படம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தாள். காலை வெயில் நேராக விழும் ஜன்னல் அது. அங்கே வைக்க வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. இரண்டு கோடை கழித்து ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும்.