கீழ்க்கால்

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு பாஸ்கெட்பால் கொண்டுவந்தவன் நான். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கம்பம் நட்டேன். தகரத்தில் போர்டு அடித்தேன். பாடசாலைக் காவலாளி வேலையோடு பெண்பிள்ளைகள் டீமையும் கட்டினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ரூல்ஸ் எல்லாம் பதுளையில் மேட்ச் பார்த்தே மண்டையில் ஏற்றியது.

களம் சரிவு. அது மட்டும் என் கையில் இல்லை. மட்டப்படுத்தித் தரச் சொல்லி தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டேன்.

"பெரட்டு நிக்கிற எடத்துல பந்தடிக்க விட்டதே பெருசு. போய்யா" என்றார்.

துள்ளிப் பந்தைப் பிடித்தால் எந்தக் கால் முதலில் தரையில் படுகிறதோ அதுதான் பிவட் கால். மற்றக் காலை எப்படியும் சுழற்றலாம். பந்து கையில் இருக்கும்போது பிவட் காலைத் தூக்கி மறுபடி வைத்தால் டிராவலிங், விசில் ஊதிப் பந்தைப் பறித்துவிடுவார்கள். எங்கள் சரிவில் அப்படி நின்றால் பிள்ளை உருண்டுவிடும். எந்தக் கால் முதலில் பட்டாலும் பள்ளத்துப் பக்கக் காலைத்தான் ஊன்றுவார்கள். கொழுந்து பறிக்கிற மலையில் நின்று பழகிய கால். நானும் விசில் ஊதவில்லை.

மாகாண டீமுக்கு ஆள் எடுக்கும் மேட்ச் பதுளையில் நடந்தது. எங்கள் கேப்டன் தர்ஷினியைப் பார்க்கவே தெரிவாளர் வந்திருந்தார். சிமெந்துத் தரை, தண்ணீர் மாதிரி மட்டம். அவள் இடதுகாலில் இறங்கி, பழக்கத்தில் வலதுகாலை ஊன்றிச் சுழன்றாள். விசில். மறுபடியும் அதே விசில்.

"டிராவலிங் போறதுன்னா நமுனுகுல பஸ் வெளிய நிக்குது, ஏறுங்கடி" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"நா எங்க மாஸ்டர் போனேன்? நின்ன எடத்துலதானே நின்னேன்" என்றாள் தர்ஷினி.

தெரிவாளர் என்னிடம், "கை நல்ல கை அண்ணே. காலுதான் சரியில்ல" என்றார்.

"எங்க களத்துல வந்து பாருங்க சார்."

"அங்கயா மேட்ச் நடக்கப்போகுது?"

அவளை எடுக்கவில்லை. அடுத்த மாதமே கொழும்புக்கு கார்மெண்ட் வேலைக்குப் போனாள். திரும்பி வந்தும் பந்தைத் தொடவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. இளைய கோச்மாருக்குச் சொல்கிறேன்: பிள்ளை எந்தத் தரையில் பழகினாள் என்று பாருங்கள், பிறகு காலைக் குறை சொல்லுங்கள்.

பிறகு வந்த ஆசிரியருக்குக் களத்தை மட்டமாக்கிக் கொடுத்தார்கள். அவருடைய பிள்ளைகள் மாகாணத்துக்கு ஆடுகிறார்கள், சந்தோஷம். ஆனால் பாடசாலை விளையாட்டு மலரில், ஒன்றுமே இல்லாத இடத்தில் அவர் தொடங்கினார் என்று போட்டிருக்கிறார்கள். அது பொய். மலர் போடுகிறவர்களே, அடுத்த மலரில் முதல் கோச் என்று என் பெயரைப் போடுங்கள். முதல் கேப்டன் தர்ஷினி என்றும் போடுங்கள். அவள் லயத்து வீட்டுக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.