அம்மாவின் சேலையில் வந்த பேய்

பள்ளியில் பத்து வருடம் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், படம் எடுப்பவளாகத் திருகோணமலைக்குத் திரும்பியபோது முதலில் வந்தது எங்கள் அன்புவழிபுரத்து வீட்டுக்குத்தான். எண்பதுகளில் நடக்கிற பேய்ப்படம், ஆனால் பேய் மனதுக்குள்தான் இருக்கும் என்றாள். அந்தக் காலத்துச் சாமான்கள் வேண்டுமாம். கசெற் ரேடியோ, அப்பா துறைமுகத்தில் வேலை செய்த நாளில் வாங்கிய சாய்வுக்கதிரை என்று கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். அம்மா தன் மயில்கழுத்து நிறச் சேலையை நீட்டினார்.

"கவனமாக் கட்டச் சொல்லுங்கோ பிள்ளை, கரை நைஞ்சுபோச்சு."

படப்பிடிப்பு நாட்களில் மாலைதோறும் தேத்தண்ணிக்கு வருவாள். அப்படியொரு மாலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அப்பா செத்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அம்மா அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று அப்பாவோடு கதைப்பார். ஒரு மத்தியானம் திரும்பி, "அப்பா கூப்பிடுறார், வா" என்று கை நீட்டினார். நான் வெளியே ஓடிக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கக் கொண்டியைப் போட்டுவிட்டேன். பின்நேரம்வரை அம்மா தட்டிக்கொண்டே இருந்தார். காற்றில் கொண்டி விழுந்துவிட்டது என்று பிறகு பொய் சொன்னேன். அம்மா நம்பினார்.

கேட்டுவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது எனக்குள்ளையே இருக்கும்" என்றாள்.

நகர மண்டபத்தில் படம் போட்ட அன்று அம்மா புதுச்செருப்புப் போட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். படம் அழகுதான், அதை மறுக்க ஏலாது. தேன் நிற வெளிச்சம், ரேடியோவில் பழைய பாட்டு, மெல்ல அசையும் யன்னல்சீலை. பிறகு மயில்கழுத்துச் சேலை கட்டிய பெண் கண்ணாடியில் இருந்து திரும்பினாள். அவளுக்கு முகம் இல்லை. சிறுமி கதவைப் பூட்டினாள். உள்ளே நகங்கள் பலகையைப் பிறாண்ட, சிறுமி வெளியே நின்று சிரித்தாள்.

அந்த மத்தியானம் நான் சிரிக்கவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து அழுதேன்.

பின்வரிசையில் விசிலடித்தார்கள். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை மெல்ல விலகியது.

மண்டப வாசலில் சிநேகிதியை மறித்தேன். "ஏன்டி இப்பிடிச் செய்தனி?"

"பேர் ஒண்டும் போடேல்லையே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"அம்மாவுக்குத் தெரியும்."

ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, "அந்தக் காட்சிதான் படத்தின்ர உயிர். நீ சொல்லாட்டி இந்தப் படமே இல்லை" என்றாள். எனக்கு மரியாதை செய்வதாகவே நினைத்திருப்பாள்.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினிக்குள் போய், எனக்கு முதுகு காட்டி நின்றபடி கேட்டார்.

"கொண்டி தானா விழேல்லை, என்ன?"

"இல்லை அம்மா. நான்தான் போட்டனான்."

"பயந்திட்டியோ?"

"ஓம்."

"சின்னப் பிள்ளை, பயப்பிடத்தானே செய்யும்" என்றார். நான் கிட்டப் போனேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு காலமும் என்னட்டைச் சொல்லாமல் அவளிட்டைப் போய்ச் சொன்னனியே."



அவளுடைய அழைப்புகளை நான் எடுப்பதில்லை. அம்மா என்னோடு கதைக்கிறார். கறிக்கு உப்புக் காணுமா, பஸ் நேரத்துக்கு வந்ததா என்று கேட்கிறார். அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.