செமோரில் ஐந்து வாசகர்கள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோலாலம்பூர் புடுராயா நிலையத்தில் ஈப்போ பஸ் ஏறினேன். கட்டணம் ஏழு வெள்ளி. எழுபதுகளின் கடைசி அது. நெடுஞ்சாலை இன்னும் வந்திருக்கவில்லை. தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார் என்று ஒவ்வோர் ஊரையும் நலம் விசாரித்துக்கொண்டேதான் பஸ் போகும். நூற்று முப்பது மைலுக்கு ஐந்து மணி நேரம். என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள், செமோர் பக்கத்தில் எனக்காகக் காத்திருக்கும் ஐந்து பேருக்கென்று எழுதிவைத்த மூன்று பக்கப் பேச்சு.

அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வயது முப்பத்து நான்கு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தனியாக வாசம். அலுவலகத்துப் பழைய சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, ‘மெழுகுத்தாள்’ என்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். பதினாறு பக்கம், ஐம்பது பிரதி. எழுதுவது, வரைவது, மை உருட்டுவது, தைப்பது, தபால்தலைக்கு எச்சில் தொடுவது எல்லாம் நானேதான்.

கவிதைகளைப் பொடி எழுத்தில் கீறிவிட்டு, தலைப்புகளை மட்டும் நான்கு விரல் உயரத்துக்குத் தடிமனாக வரைவேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மெழுகு பூசிய தாளில் எழுத்தின் சுழியை முழுக்கச் சுற்றி வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். அச்சில் அந்த இடம் மொத்தமும் மை அப்பிவிடும். அதனால் சுழிகளை மூடாமல், ஓரிடத்தில் மெல்லிய பாலம் விட்டு வரையப் பழகினேன். நாளடைவில் அந்த உடைந்த எழுத்துகள்மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. வாசகர்களுக்கு வரவில்லை. எழுத்துக்கெல்லாம் பல் விழுந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டு எழுதினார். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

செமோர் பக்க ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஆரோக்கியம் என்பவர் மட்டும் ஒவ்வோர் இதழுக்கும் அஞ்சலட்டை போடுவார். ‘ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஐந்தும் கிடைத்தன. மிக உபயோகமாக இருந்தன. அடுத்த மாதமும் தவறாமல் ஐந்து அனுப்பவும்.’ ஐந்து பிரதி கேட்ட ஒரே மனிதர் அவர். பால்மரங்களுக்கு நடுவே ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து என் கவிதைகளை வாசித்து வாதாடுவதாக நானே ஒரு படம் வரைந்துகொண்டேன். ஒருத்திக்குக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டேன். எட்டு இதழ் முடிந்ததும் எனக்கு அலுத்துப்போனது. அந்த ஐந்து பேரும் நேரில் வேண்டும் என்று சொன்னால் ஒன்பதாவது இதழ், இல்லையென்றால் எட்டோடு கடையைக் கட்டுவது என்று முடிவு செய்து, ‘உங்கள் ஐந்து பேரையும் பார்க்க வருகிறேன்’ என்று அட்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு ஈப்போ. சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. சாப்பாட்டுக் கடையில் நால்வர் மேசையில் தனியாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். பரிமாறியவர் மற்ற மூன்று நாற்காலிகளையும் பக்கத்து மேசைக்கு எடுத்துப் போனார். அவர்மேல் தப்பில்லை, அங்கே ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பஸ் நிலையத்து வாசலில், பக்கத்துப் புந்தோங் பகுதி ஆள் ஒருவர் கச்சாங் பூத்தே விற்றார். வறுத்த கடலை, முறுக்கு, பட்டாணி எல்லாம் கலந்து ஐந்து பொட்டலம் வாங்கினேன்.

ஒன்றேகாலுக்குச் செமோர். ஈப்போவிலிருந்து வடக்கே பத்து மைல்தான். அங்கிருந்து தோட்டத்துக்கு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் தமிழர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“டீச்சரா?”

“இல்லண்ணே. தெரிஞ்சவங்கள பாக்கப் போறேன்.”

“அங்க யாரு இருக்கா? தோட்டம் வித்துப் போச்சு. எல்லாரும் பிண்டா ஆகி வேற எடம் போறாங்க லா. இன்னைக்குத்தான் கடைசி லோரி.”

இரண்டு மைல் செம்மண் பாதை. ஒரு பக்கம் பால்மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறுபக்கம் இன்னும் நின்றன.

தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. பாய்ச் சுருட்டு, தையல் மிஷின், கோழிக்கூண்டு, சாமி படம், மாதா சொரூபம் எல்லாம் வெயிலில் வரிசையாக இருந்தன. வரிசை நெடுகிலும் பச்சைச் சாப்பாட்டு அலமாரிகள். இருபதுக்கு மேல் இருக்கும். ஒரே தச்சர் செய்து, தோட்டம் கொடுத்த ஒரே பச்சைச் சாயம் பூசியவை. எது யாருடையது என்று அவற்றின் சொந்தக்காரர்களாலேயே சொல்ல முடியாது.

அதற்காகத்தான் போலிருக்கிறது, அநேகமாக எல்லா அலமாரியின் முதுகிலும் கறுப்புச் சாயத்தில் பெயர் போட்டிருந்தது. முனியாண்டி. மரியாயி. பச்சையம்மா. நான்கு விரல் உயரம். சுழிகள் எல்லாம் ஓரிடத்தில் உடைந்து, மெல்லிய பாலத்தோடு.

கிட்டே போய்ப் பார்த்தேன். என் எழுத்து.

கையெல்லாம் கறுப்பாக ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

“யாரு வேணும்க்கா?”

“ஆரோக்கியம்?”

“நான்தான்.”

“மெழுகுத்தாள்லேருந்து வந்திருக்கேன்.”

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஐயா வரலியா?”

“ஐயா நான்தான்.”

அவசரமாகக் கையைத் துடைத்தார். சாயம் இன்னும் பரவியது. “கார்டு வந்துச்சுக்கா. அஞ்சு பேருன்னு எழுதியிருந்தீங்க. எந்த அஞ்சு பேருன்னுதான் எனக்கு வெளங்கல.”

ஸ்டோருக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ரப்பர் கட்டுகளின்மேல் தோட்டத்து அடையாளம் போடுவது அவருடைய வேலை. தகரத்தில் வெட்டிய ஆங்கில எழுத்துகளை வைத்து, மேலே சாயத் துணியை ஒற்றினால் அடையாளம் விழும். தமிழ் எழுத்தைத் தகரத்தில் வெட்டினால் சுழியின் நடு விழுந்துவிடும். பல நாள் முயன்று விட்டுவிட்டாராம். பிறகு எங்கோ கடையில் பொட்டலம் மடித்து வந்த என் பத்திரிகைத் தாளைப் பார்த்திருக்கிறார்.

“நடு விழாம எழுதுற ஆளு நம்ம நாட்டுல இருக்காருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

“அஞ்சு எதுக்கு?”

“தாள்லேருந்து எழுத்த வெட்டியெடுத்துத் தகரத்துல ஒட்டி, அதும்மேலயே உளியால வெட்டிருவேன்லக்கா. ஒரு தாளு ஒரு தடவதான். தாளோட பின்பக்கத்துல இருக்கிற எழுத்து வேணும்னா இன்னொரு புக்கு வேணும். மானா எழுத்து ரொம்பப் போகும் நமக்கு. எல்லாரும் அம்மா, அம்மான்னுதானே முடியிறாங்க.”

அலமாரி இடுக்கிலிருந்து மிச்சப் பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஜன்னல். மூன்று வாரம் அடித்து அடித்து எழுதிய என் கவிதை ஒன்றின் வயிற்றில், மறுபக்கத் தலைப்புக்காக ‘ம’ வடிவத்தில் ஓட்டை. அதன் வழியே அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கடலைப் பொட்டலங்களை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

“ஒண்ணாச்சும் படிச்சீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் பொய் சொல்லவில்லை. “இல்லக்கா. படிச்சா அப்புறம் கத்தி வைக்க மனசு வராதே லா.”

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அதோடு ஒரு பெண் குரலும் வந்தது.

“ஆரோக்கியம்! எல்லாருக்கும் பேரு போட்டே, எனக்கு மட்டும் சுண்ணாம்புக் கோடா? மழ பேஞ்சா யாரு அலமாரின்னு நான் போய் நிப்பேன்?”

பால் வெட்டும் ஞானம்மா. இடுப்பில் கை வைத்து வாசலை அடைத்து நின்றார். ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார். எட்டு இதழிலும் என் தலைப்புகளில் ஒரு ‘ஞ’ கூட இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக ஒன்பதாவது இதழுக்குக் காத்திருந்தாராம். லாரி முந்திக்கொண்டது.

“நீங்களே வந்துட்டீங்க,” என்றார் தயக்கமாக.

காலிச் சாய டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். வேறு தாள் இல்லை. பேச்சின் முதல் பக்கத்தைப் புரட்டி வெற்றுப் பக்கத்தில் வரைந்தேன். ‘ஞ’ லேசில் படியாத எழுத்து. முதலில் வரைந்தது கொசு மாதிரி இருந்தது. இரண்டாவது பக்கம் இன்னும் மோசம். மூன்றாவதில் மேல் சுழியை ஓரிடத்திலும் கீழ் வளைவை ஓரிடத்திலும் உடைத்தேன். நின்றது. ஆரோக்கியம் அதை பிஸ்கட் டின் தகரத்தில் ஒட்டிச் சிற்றுளியால் தட்டினார். நடு விழவில்லை. மற்ற எழுத்துகள் அவரிடம் இருந்தன.

ஞானம்மா தன் அலமாரியைச் சுற்றிவந்து பார்த்தார். “எம்பேரு இவ்வளோ பெருசா நான் எங்கயும் பாத்ததில்ல.” பிறகு என்னிடம், “சாப்ட்டியாம்மா? அடுப்பெல்லாம் லோரில ஏத்தியாச்சே,” என்று வருத்தப்பட்டார். கச்சாங் பூத்தேயைப் பிரித்தோம். லாரிக்காரரும் இரண்டு கை அள்ளிக்கொண்டார்.

பெரும்பாலோர் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்குக்குப் போகிறார்கள், தொழிற்சாலை வேலைக்கு. ஆரோக்கியம் மட்டும் பாகான் செராயில், தம்பி வேலை பார்க்கும் நெல் ஆலைக்குப் போகிறார். மூட்டைக்கு அடையாளம் போடவாம். விலாசத்தை எழுதிக் கொடுத்தார். பத்திரிகை நிற்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு செமோரில் இறக்கிவிட்டார்கள். லாரிக்காரர் தேநீர் குடிக்க நிறுத்தினார். எனக்கு உடனே ஈப்போ பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாதி வழியில் அந்த லாரி எங்களை முந்தியது. கடைசியாக ஏற்றிய அலமாரி, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு போனது. ஞானம்மா.

பக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். “அது நான் வரைந்தது,” என்று மலாயில் சொன்னேன்.

“யா கா?” என்று, அப்படியா என்பதுபோல் சிரித்து, எனக்கு இடைஞ்சலாக இருக்கிறதோ என்று கூடையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். லாரி ஜெலாப்பாங் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் அறை விட்டுப்போனபடியே இருந்தது. காலையில் கழுவிக் கவிழ்த்த ஒரே கோப்பை கவிழ்ந்தபடியே கிடந்தது. அடுத்த மாதம் ஒன்பதாவது இதழ் போட்டேன். இந்த முறை தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டேன். தலைப்புகளுக்குத் தனித் தாள், கவிதைகளுக்குத் தனித் தாள். அட்டையில் ‘ஞ’. பின்பக்கங்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று நாற்பத்தைந்து பேரில் ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாகான் செராயிலிருந்து அட்டை வந்தது. இந்த முறை ‘ஆசிரியர் அக்கா அவர்களுக்கு’ என்று இருந்தது. ‘ஐந்தும் கிடைத்தன. நான்கை வெட்டிவிட்டேன். ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதமும் ஐந்து அனுப்பவும்.’

படிக்கட்டில் நின்று மூன்று முறை படித்தேன். காட்டுவதற்கு யாரும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.