அம்மாவுக்கு வைத்த குல்லா

ஒரே நூல்கண்டுக்குள் ஐந்தாறு நிறம் இருக்கும் என்பது கனடாவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீலத்தில் தொடங்கி, பச்சையாகி, மஞ்சளுக்கு வந்து, கடைசியில் செங்கல் நிறத்தில் முடிகிற உல்லன் நூல். எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. வாங்கி வந்த அன்றைக்கே மொத்தக் கண்டையும் பிரித்து, நிறம் மாறுகிற இடத்தில் எல்லாம் கத்தரியால் வெட்டினேன். நீலம் தனி, பச்சை தனி, மஞ்சள் தனி என்று சின்னச் சின்ன உருண்டையாகச் சுற்றினேன். இந்த நிறமா அந்த நிறமா என்று சொல்ல முடியாத இரண்டுங்கெட்டான் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினேன். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு மறுநாள் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

மார்லீன் அதைப் பார்த்ததும் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நானும் அவளும் சேர்ந்து வேலை பார்க்கிறோம். என் வயதுதான் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் குரோஷே ஊசியும் கையுமாக இருப்பாள். பனிக்காலத்துக் குல்லாவை இங்கே ‘டூக்’ என்கிறார்கள். அப்படி ஒன்று பின்னச் சொல்லித் தரும்படி நான்தான் கேட்டிருந்தேன்.

“ஏன் வெட்டினாய்?” என்றாள்.

“கலந்து கிடந்தது. பிரித்துவிட்டேன்.”

“கலந்திருக்கிறது என்றுதானே அதை வாங்குகிறோம்!”

அவளுக்கு எப்படி விளக்குவது? பள்ளிக்கூடம் விட்டதும் போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு அம்மாவோடு காய் பொறுக்கப் போனவள் நான். தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு முன்னால் காயைக் கொட்டிவிட்டுப் போவார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். பச்சைக்குள் ஒரு வெளுப்பு கிடந்துவிட்டால் அம்மா என் புறங்கையில் பட்டென்று தட்டுவாள். “கண்ணு எங்கடி இருக்கு? பெராக்குப் பாக்கவா வந்த?” அப்படிப் பழகிய கைக்கு, நிறம் கலந்து எதிரே கிடந்தால் பிரிக்காமல் இருக்கத் தெரியாது. மார்லீன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் ஒதுக்கிய துண்டுகளையும் கொண்டுவரச் சொன்னாள். இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பழைய வரிசைக்கே முடிச்சுப் போட்டோம்.

“யாருக்கு இது?” என்று முடிச்சுப் போடும்போது கேட்டாள்.

“அம்மாவுக்கு” என்றேன். அது உண்மைதான். ஆனால் அம்மா போன பங்குனியிலேயே இறந்துவிட்டாள்.

அண்ணன் போனில் சொன்னபோது நான் படுக்கை விரிப்புகளை உலர்த்தும் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மிச்ச விரிப்புகளையும் போட்டேன். ஏன் கிளம்பி வரவில்லை என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். இங்கே வேலை பார்ப்பதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது வராமல் வெளியே போனால், திரும்ப உள்ளே விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. என்னைப்போல் வெளிநாட்டில் கிடப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மகள் வீட்டுக் கோடித்துணி போடுகிற நேரத்தில், அண்ணன் மனைவி, என் மதினி, கடைவீதியில் அவசரமாக எடுத்த ஒரு சேலையை என் பெயரைச் சொல்லி அம்மாவின் மேல் போர்த்தினாள். அதை நான் போனில் பார்த்தேன். சேலை என்ன நிறம் என்பதுகூட மனதில் நிற்கவில்லை. அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்ற பதற்றமும் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

இங்கே யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்றில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் கிளம்பும். சிலமலைக்கு ஒருத்தர், குரங்கணிக்கு ஒருத்தர் என்று போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். கேட்டவர்கள் இருந்த சோலியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் எனக்கு முன்பே சேதி தெரிந்திருந்தது. நான் போய்ச் சொல்வதற்கு ஒரு வீடு இல்லை.

கார்த்திகையில் அண்ணன் கூப்பிட்டான். “பங்குனி வந்தா அம்மாவுக்கு வருசம் திரும்புதுத்தா. துணி வச்சுக் கும்பிடணும். மகதான எடுத்துத் தரணும்.” மகள் தருகிற புதுத்துணியைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பிறகு மகளே அதை எடுத்து உடுத்திக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அவள் உடுத்தினால்தான் அது போனவர்களுக்குப் போய்ச் சேரும்.

“இங்க சேலைக்கு நான் எங்கண்ணே போவேன்? ஒரு குல்லா பின்னித் தரட்டா?”

“குல்லாவா?” என்றான். “அதுவும் சரித்தான். மலைக் குளிர்ல துண்டக் கட்டிக்கிட்டே காலத்த ஓட்டிட்டா.”

ஏலக்காய்க் கடைக்கு வருவதற்கு முன்னால் அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன்னே ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் வருவாள். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், தலைக்கு அப்பாவின் பழைய துண்டு. அது நனைந்துவிட்டால் பிழிந்து திரும்பக் கட்டிக்கொள்வாளாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையை அடுப்பில் காட்டிக் காட்டிக் காதுகளில் வைத்துக்கொள்வாள்.

பனி தீருமுன்பே குல்லா முடிந்தது. உச்சியில் குஞ்சம் கட்டியவள் மார்லீன். அந்த உரிமையில், “உன் அம்மா போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும்” என்றாள். நான் தலையாட்டினேன். மதுரைக்குப் போன ஒருவரிடம் குல்லாவைக் கொடுத்துவிட்ட பிறகு, மார்லீன் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். போய்ச் சேர்ந்ததா? அளவு சரியாக இருந்ததா? நிறம் பிடித்ததா? ஒரு வருஷமாக என் அம்மாவைப் பற்றி, உயிரோடு இருப்பவளைக் கேட்பதுபோல இப்படிக் கேள்விகள் கேட்ட ஆள் இவள் ஒருத்திதான். அவள் கேட்பது எனக்கு வேண்டியிருந்தது. போட்டோ இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கும்பிட்ட அன்றைக்கு அண்ணன் வாட்ஸப்பில் படம் அனுப்பினான். சட்டம் போட்ட அம்மாவின் போட்டோ, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், ரோஜா மாலை, முன்னால் வாழையிலை. சட்டத்தின் உச்சியில் குல்லா. கீழே வைத்தால் எண்ணெய் படும் என்று மதினிதான் மேலே மாட்டினாளாம். உடனே கூப்பிட்டேன்.

“குல்லாவப் பார்சல்ல போட்டுவிடுறியாண்ணே? இங்க போட்டுக்கிறேன்.”

“அதெப்படித்தா? வச்சத மக கையாலல்ல எடுக்கணும். நீ வர்ற வரைக்கும் அங்கனயே கிடக்கட்டும்.”

“அதுவரைக்கும் அம்மாவுக்குச் சேராதாண்ணே?”

“வெரசா வா” என்றான்.

இடைவேளையில் போனை மார்லீனிடம் நீட்டினேன். முகம் மலர்ந்துபோனது அவளுக்கு. “எவ்வளவு பூ! இன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாளா?”

“இல்லை. அவள் இறந்துவிட்டாள்.”

அதுவரை எந்த மொழியிலும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னபோது குரல் உடையும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை. கிடங்கில் சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் இருந்தது.

“எப்போது?”

“போன வருஷம்.”

“அப்படியானால் நாம் யாருக்குப் பின்னினோம்?”

“அம்மாவுக்குத்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. ‘ஸோ ஸாரி’ என்றாள். ஊராக இருந்தால் கேட்டவள் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேனோ என்னவோ. மார்லீன் என் தோளில் கை வைத்து, கூடாதோ என்று எடுத்து, திரும்பவும் வைத்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இனி அதை யார் போட்டுக்கொள்வார்கள்?”

“நான்.”

“எப்போது?”

பெர்மிட் இன்னும் வரவில்லை. “தெரியாது” என்றேன்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது பனி மறுபடியும் கொட்டத் தொடங்கியிருந்தது. போடியில் இந்நேரம் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பங்குனிப் புழுக்கத்தில், யாருக்கும் தேவைப்படாத ஓர் உல்லன் குல்லா அம்மாவின் தலைக்கு மேலே மாட்டிக் கிடக்கும். நான் போய்ப் போட்டுக்கொள்ளும்வரை அது அவளுக்குச் சேராது. பஸ் வருவதற்குள் என் காதுகள் விறைத்துவிட்டன. இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே வைத்து ஊதி, காதுகளில் வைத்துக்கொண்டு நின்றேன்.